நெருக்கடியில் நிற்கும் தொழில்கள் முன்கூட்டியே என்ன செய்து வைத்திருந்தன?

கேள்வி இதுதான்: வளரும் நாடுகளில் நாணய வீழ்ச்சி, வெள்ளம், பெருந்தொற்று, கலவரம் என்று ஏதாவது ஒன்று வரும்போது, ஒரே துறையில் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று இழுத்து மூடுகிறது, மற்றொன்று நிற்கிறது. இதற்கு என்ன காரணம்? நிற்பதற்கு என்ன செய்து வைத்திருக்க வேண்டும்?

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்றவர்களிடம் பெரும்பாலும் மூன்று விஷயங்கள் தென்படும். மற்றவர்களைவிடச் சில வாரங்கள் கூடுதலாக ஓட்டுவதற்குக் கையில் காசு இருந்தது. எந்த நாணயத்தில் சம்பாதித்தார்களோ அதே நாணயத்தில்தான் கடன் வைத்திருந்தார்கள். காசு கொடுக்க முடியாத நாளிலும் இவர்களை நம்பிச் சரக்கு அனுப்ப ஆள் இருந்தது. புதுமை, டிஜிட்டல் மாற்றம், தலைமைப் பண்பு என்று மேலாண்மை வகுப்புகளில் பேசப்படுவதெல்லாம் இந்த மூன்றுக்கும் அப்புறம்தான். இவை இல்லாமல் புதுமை செய்யக் கிளம்பியவர்கள் பாதி வழியிலேயே நின்றுபோனார்கள்.

பணக்கார நாடுகளுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே நெருக்கடி பெரும்பாலும் ஒற்றையாக வரும். விற்பனை குறையும், ஆனால் மின்சாரம் இருக்கும், வங்கியில் போட்ட பணம் கிடைக்கும், நாணயம் ஒரே மாதத்தில் பாதியாகாது. வளரும் நாடுகளில் எல்லாம் ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வரும். 2022-இல் இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். மார்ச் வரை டாலருக்கு ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த மதிப்பு, சில வாரங்களில் 350-ஐத் தாண்டியது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஏப்ரல் 8-இல் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. எரிபொருளுக்கு நாள் கணக்கில் வரிசை. ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் குறியீட்டு அட்டை வந்த பிறகுதான் அது ஓரளவு ஒழுங்குக்கு வந்தது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. ஒரு சிறு தொழிற்சாலை முதலாளிக்கு இவை அனைத்தும் ஆறு மாதத்துக்குள் வந்த செய்திகள். மூலப்பொருள் விலை, வட்டி, மின்சாரம், தொழிலாளி வேலைக்கு வந்து சேர்வது, வாடிக்கையாளரின் வாங்கும் சக்தி, அத்தனையும் ஒரே நேரத்தில் அடி வாங்கின. ஒரே ஒரு ஆபத்துக்கு மட்டும் ஏற்பாடு செய்து வைத்திருந்தவருக்கு அது பெரிதாக உதவியிருக்காது.

இன்னொரு வித்தியாசம், அரசின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது. 2020-இல் பல பணக்கார நாடுகள் தொழிலாளர் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தாங்களே கொடுத்தன. வளரும் நாடுகளில் உதவி பெரும்பாலும் கடன் வடிவில்தான் வந்தது. இந்தியாவில் 2020 மே மாதம் அறிவிக்கப்பட்ட அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 3 லட்சம் கோடி ரூபாய், அரசு உத்தரவாதம், அடமானம் கேட்கக் கூடாது. நல்ல திட்டம்தான், பல நிறுவனங்களுக்குக் கை கொடுத்தது. ஆனால் அது ஏற்கெனவே வங்கியில் கடன் வைத்திருந்தவர்களுக்கு, அந்தப் பாக்கியில் 20 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும் திட்டமாகவே தொடங்கியது. வங்கிப் பக்கமே போகாமல், கடன் வாங்காமல் ஓட்டிய சிறு முதலாளிக்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடனே வாங்காதவர் பத்திரமாக இருப்பார் என்றுதான் நாம் நினைப்போம். வங்கியின் பதிவேட்டில் பெயர் இருப்பதும் ஒரு காப்பீடுதான் என்பதை அந்த வருடம் பலர் தெரிந்துகொண்டார்கள். சிறிய அளவிலாவது ஒரு ஓவர் டிராஃப்ட் கணக்கை (இருப்புக்கு மேல் கடனாக எடுக்க வங்கி அனுமதிக்கும் கணக்கு) நல்ல காலத்திலேயே திறந்து, ஒழுங்காகக் கட்டி, உயிரோடு வைத்திருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். இதில்தான் அதிக நேரம் செலவிடப் போகிறேன், ஏனென்றால் நிறுவனங்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். நஷ்டம் ஒரு நிறுவனத்தை மெதுவாகத்தான் கொல்லும். ரொட்டேஷன், அதாவது காசு வந்து போகும் சுழற்சி, நின்றால் சில வாரங்களிலேயே கதை முடிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நிறுவனம் மாதம் 100-க்கு விற்கிறது. மூலப்பொருள் 60, சம்பளம் வாடகை இத்யாதி 25, லாபம் 15. நன்றாக ஓடும் தொழில். வாங்குபவர்கள் 60 நாளில் பணம் தருகிறார்கள். மூலப்பொருள் சப்ளையர் 30 நாள் கடன் கொடுக்கிறார். ஆக, வெளியே நிற்கும் பாக்கி 200, இவர் கொடுக்க வேண்டியது 60. சொந்தக் காசில் 140 எப்போதும் முடங்கிக் கிடக்கிறது. இப்போது நெருக்கடி வருகிறது. விற்பனை ஒரு பைசாகூடக் குறையவில்லை என்றே வைத்துக்கொள்வோம். வாங்குபவர்கள் இழுத்தடித்து 120 நாளாக்குகிறார்கள். பயந்துபோன சப்ளையர், முன்பணம் இல்லாமல் சரக்கு கிடையாது என்கிறார். வெளியே நிற்கும் பாக்கி 400 ஆகிறது. சப்ளையர் தந்த கடன் பூஜ்யம் ஆகிறது. முடங்கும் தொகை 140-லிருந்து 400. வித்தியாசம் 260. இது பதினேழு மாத லாபத்துக்கும் மேல். இந்தப் பணத்தை இரண்டு மூன்று மாதத்தில் எங்கிருந்து புரட்டுவது? ஆர்டர் புத்தகம் நிறைந்திருக்க, லாப நட்டக் கணக்கும் அழகாக இருக்க, அடுத்த சனிக்கிழமை சம்பளம் போட முடியாமல் நிறுவனம் நின்றுவிடும்.

ஆகவே கவனமான முதலாளிகள் நெருக்கடிக் காலத்தில் லாபக் கணக்கைத் தள்ளி வைத்துவிட்டு, பதின்மூன்று வாரப் பணக் கணக்கு என்ற ஒற்றைத் தாளைப் பிடித்துக்கொள்கிறார்கள். மேலே வாரங்கள், பக்கவாட்டில் வரவு, செலவு, கடைசி வரியில் அந்த வார முடிவில் கையில் எவ்வளவு மிஞ்சும் என்பது. எளிய விஷயம். ஆனால் அதை நேர்மையாக எழுதுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வர வேண்டிய பணத்தை இன்வாய்ஸில் போட்டிருக்கும் தேதியில் எழுதக் கூடாது. அந்த ஆள் சென்ற முறை உண்மையில் எப்போது கொடுத்தார் என்று பார்த்து, அந்தத் தேதியில் எழுத வேண்டும். வரி, காப்பீட்டுத் தவணை, போனஸ் மாதிரி எப்போதாவது வந்து மொத்தமாக அடிக்கும் செலவுகளை மறக்காமல் சேர்க்க வேண்டும். எந்த வாரத்தில் கடைசி வரி மைனஸ் ஆகிறது என்று எட்டு வாரம் முன்னாலேயே தெரிந்தால், வங்கியிடமும் சப்ளையரிடமும் பேச நேரம் இருக்கும். எட்டு நாள் முன்னால் தெரிந்தால் கெஞ்ச மட்டும்தான் முடியும்.

கையில் காசு என்றால் என்ன என்பதிலும் கொஞ்சம் சந்தேகம் வேண்டும். அர்ஜென்டினாவில் 2001 டிசம்பர் தொடக்கத்தில் வங்கியிலிருந்து வாரத்துக்கு 250 பெசோ ரொக்கம்தான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டார்கள். கணக்கில் பணம் இருந்தும் கூலி கொடுக்கக் காசில்லாத நிலை. லெபனானில் 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் டாலர் கணக்குகளை முடக்கின. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் டாலருக்கு ஒரு மதிப்பு, வங்கியில் சிக்கிய டாலருக்கு அதில் ஒரு சிறு பங்குதான் மதிப்பு. இந்தியாவில் 2016 நவம்பர் 8 இரவு, புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பில் 86 சதவீதம் செல்லாமல் போனது. அங்கே வங்கிக் கணக்கில் வைத்திருந்தவர் தப்பினார், பெட்டியில் ரொக்கமாக வைத்திருந்தவர் மாட்டினார். அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு வங்கி, ஒரு கணக்கு, ஒரு பணம் செலுத்தும் வழி என்று இருப்பதுதான் ஆபத்து. கென்யாவில் எம்பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை 2007 மார்ச்சில் தொடங்கியது. ஓர் ஆண்டுகூட ஆகாத நிலையில், தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் 2008 ஜனவரியில் வெளியே நடமாட முடியாமல் சிக்கியவர்களுக்குப் பணம் அனுப்பும் வழியாக அது பயன்பட்டது. இரண்டாவது வழி ஒன்று ஏற்கெனவே இருந்ததால் பயன்பட்டது. கலவரம் தொடங்கிய பிறகு அதை யாரும் கட்டியிருக்க முடியாது.

வர வேண்டிய பாக்கியைக் காசாக்கும் ஏற்பாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு நிறுவனத்தை வங்கி நம்பாது. அதனிடம் பாக்கி வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தை நம்பும். இந்த எளிய உண்மையை வைத்து மெக்சிகோவின் அரசு வளர்ச்சி வங்கியான நஃபின், 2001-இல் ஓர் இணையத் திட்டம் தொடங்கியது. பெரிய நிறுவனம் ஒப்புக்கொண்ட இன்வாய்ஸைச் சிறு சப்ளையர் அதில் வைத்துக் கடன் நிறுவனத்திடம் உடனே காசு வாங்கலாம். கடன் கொடுப்பவர் பார்ப்பது பெரிய நிறுவனத்தின் நம்பகத்தன்மையை. இந்தியாவில் ட்ரெட்ஸ் என்ற பெயரில் ரிசர்வ் வங்கி அனுமதியோடு இயங்கும் தளங்கள் இதே கருத்தின் மேல் கட்டப்பட்டவை. சட்ட வழியும் இருக்கிறது: இந்தியாவின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். அந்தச் சட்டம் ஏட்டில் தூங்கியது. தாமதமாகக் கொடுத்தால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் கொஞ்சம் பரபரப்பாயின. அதோடு, பெரியவர்கள் ஆர்டரையே வேறு பக்கம் திருப்பிவிடுவார்களோ என்ற பயமும் சிறு தொழில் வட்டாரத்தில் எழுந்தது. இரண்டுமே நியாயம்தான். சட்டம் நம் பக்கம் இருந்தாலும், ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பியிருப்பவர் அந்தச் சட்டத்தைப் பயன்படுத்தத் துணிய மாட்டார். மொத்த விற்பனையில் கால் பங்குக்கு மேல் ஒரே ஆளிடம் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது விலை. பணவீக்கம் கடுமையாக இருக்கும் காலத்தில் அனுபவசாலிகளைக்கூட ஏமாற்றும் இடம் இது. 100-க்கு வாங்கிய சரக்கை 120-க்கு விற்றால் 20 லாபம் என்று கணக்கு சொல்லும். ஆனால் அதே சரக்கை இன்று மறுபடி வாங்க 150 ஆகிறது. பத்துப் பெட்டி விற்ற காசில் எட்டுப் பெட்டிதான் வாங்க முடியும். அடுத்த சுற்றில் அந்த எட்டு ஆறாகும். புத்தகத்தில் லாபம் ஏறிக்கொண்டே போகும், கிடங்கு காலியாகிக்கொண்டே வரும். லாபத்துக்கு வரியும் கட்டியிருப்பீர்கள். ஆகவே உயர் பணவீக்க நாடுகளில் பழகிய வியாபாரிகள் வாங்கிய விலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மறுபடி வாங்க என்ன ஆகும் என்பதில்தான் விலையைத் தொடங்குவார்கள். கடன் விற்பனையைச் சுருக்குவார்கள். விலைப் பட்டியலை மாதம் ஒருமுறை அல்லாமல் வாரம் ஒருமுறை, தேவைப்பட்டால் தினமும் மாற்றுவார்கள். விலைப்புள்ளி கொடுக்கும்போதே ‘மூன்று நாள் வரை மட்டும்’ என்று எழுதிவிடுவார்கள்.

இதில் அரசு குறுக்கே வரலாம். ஜிம்பாப்வேயில் 2007 ஜூன் மாதம் விலைகளைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி ஆணை வந்தது. அலமாரிகள் காலியாயின, ஏனென்றால் அந்த விலைக்கு மறுபடி சரக்கு வாங்க யாராலும் முடியவில்லை. 2009 தொடக்கத்தில் நூறு லட்சம் கோடி மதிப்புள்ள நோட்டு வெளியாகிச் சில வாரங்களில், சொந்த நாணயத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலரில் வியாபாரம் செய்ய அனுமதி கிடைத்தது. அப்புறம் வந்தது சில்லறைத் தட்டுப்பாடு. அமெரிக்கக் காசுகள் நாட்டில் இல்லை. மீதிச் சில்லறைக்குப் பதிலாகக் கடைக்காரர்கள் மிட்டாயும் கையால் எழுதிய கடன் சீட்டும் கொடுத்தார்கள். பெரிய பொருளாதார மாற்றங்கள் கடைசியில் இப்படிக் கல்லாப் பெட்டி அருகே வந்துதான் நிற்கும்.

நாணய விஷயத்தில் ஒரே ஒரு விதியைத்தான் நான் கறாராகச் சொல்வேன்: உள்நாட்டுப் பணத்தில் சம்பாதிப்பவர் டாலரில் கடன் வாங்கக் கூடாது. வட்டி எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் சரி. 1997 ஜூலைக்கு முன் இந்தோனேசியாவில் ஒரு டாலர் ஏறக்குறைய 2,400 ருபியா. உள்நாட்டு வட்டி அதிகம், டாலர் வட்டி குறைவு, மாற்று விகிதமும் பல ஆண்டுகளாக அமைதியாக நகர்ந்தது. பெரிய நிறுவனங்கள் டாலரில் கடன் வாங்கிக் குவித்தன. மாற்று விகிதம் ஏறினால் காக்கும் பாதுகாப்பு ஒப்பந்தம் போடுவது வீண் செலவு என்று விட்டன. 1998 ஜனவரியில் விகிதம் 10,000-ஐத் தாண்டிப் பறந்தது. கடன் ருபியா கணக்கில் நான்கு மடங்குக்கு மேல் ஆனது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ 13 சதவீதம் சுருங்கியது.

அதே நாட்டில், அதே மாதங்களில், பேங்க் ரக்யாட் இந்தோனேசியாவின் கிராமக் கிளைகளில் கடன் வாங்கிய சிறு வியாபாரிகள் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிளைகளில் சேமிப்பும் கூடியது, ஏனென்றால் தனியார் வங்கிகள் மூடப்பட்டதைப் பார்த்த மக்கள் அரசு வங்கிக்குப் பணத்தை மாற்றினார்கள். சிறியவர்கள் பெரியவர்களைவிடப் புத்திசாலிகள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அவர்களுக்கு டாலர் கடன் கொடுக்க யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான். ருபியாவில் வாங்கினார்கள், ருபியாவில் விற்றார்கள். அதோடு, அந்தக் கடன் வசதியை இழந்தால் மறுபடி கந்துவட்டிக்குப் போக வேண்டும் என்பதால், வேறு எதை நிறுத்தினாலும் அந்தத் தவணையை நிறுத்தவில்லை.

கால் நூற்றாண்டு கழித்தும் அதே பாடம்தான். நைஜீரியாவில் 2023 ஜூனில் மாற்று விகிதத்தைத் தளர்த்தினார்கள். டாலருக்கு 460-470 நைரா என்றிருந்தது 2024 தொடக்கத்தில் 1,500-ஐ ஒட்டி வந்தது. அங்குள்ள நெஸ்லே நிறுவனத்தின் விற்பனை 2023-இல் கூடியது. ஆனாலும் அந்த ஆண்டு நஷ்டம் காட்டியது, காரணம் வெளிநாட்டு நாணயக் கடன். பொருளும் விற்றது, ஆலையும் ஓடியது, கடன் பத்திரத்தில் இருந்த நாணயம் மட்டும் கையைக் கடித்தது. பின்னால் பெரிய தாய் நிறுவனம் இருப்பவர் இப்படி ஒரு வருடத்தைக் கடந்துவிடலாம். மற்றவர்களுக்கு அது முடியாது. மறுபக்கம், டாலரில் சம்பாதிப்பவர்களுக்கு இதே புயல் கவசமாகும். இலங்கையில் 2022-இல் டாலர் கொடுத்தால் எரிபொருள் ஒதுக்கும் ஏற்பாடுகூட வந்தது. விற்பனையில் ஒரு சிறு பங்காவது ஏற்றுமதியாக வைத்துக்கொள்வது வெறும் வளர்ச்சிக்காக மட்டும் இல்லை.

சப்ளையர் உறவைப் பற்றி எழுதினால் உபதேசம் மாதிரி ஆகிவிடும் ஆபத்து உண்டு. ஆனால் இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு இலங்கையில் பாதிக்கப்பட்ட சிறு தொழில்களைப் பொருளியல் ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் சிறு தொகை ரொக்கமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் சுனாமி தொட்ட தொழில்கள், தொடாதவற்றைவிடப் பின்தங்கியே இருந்தன. நாம் நினைப்பதைவிட மீட்சி மெதுவானது. கொடுத்த பணம் சில்லறை வியாபாரத்தில் நன்றாக வேலை செய்தது. உற்பத்தித் தொழிலில் அந்த அளவுக்கு உதவவில்லை. காரணம் யோசித்தால் புரியும்: கடைக்காரர் பணம் கிடைத்தால் சரக்கை நிரப்பி மறுநாளே விற்கலாம். பொருள் செய்பவருக்கு மூலப்பொருள் கொடுப்பவரும் எழ வேண்டும், வாங்குபவரும் எழ வேண்டும். சங்கிலியில் நடுவில் உள்ள ஒரு கண்ணியை மட்டும் பழுதுபார்த்துப் பயனில்லை. ஆகவே உற்பத்தித் தொழிலில் இருப்பவர் தன் சப்ளையரின் உடல்நிலையையும் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நெருக்கடி நேரத்தில் முக்கியமான சிறு சப்ளையருக்கு முன்பணம் கொடுத்துக் காப்பாற்றுவது தர்மச் செயல் இல்லை, சுயநலம்.

2011-இல் தாய்லாந்து வெள்ளம் உலகத்துக்குக் காட்டியதும் இதுதான். அயுத்தயா பக்கம் தொழிற்பேட்டைகள் மூழ்கியதும் உலகம் முழுவதும் ஹார்ட் டிஸ்க் விலை ஏறியது. இரண்டு சப்ளையர் வைத்திருந்தோமே என்றவர்களும் மாட்டினார்கள், இரண்டு பேரும் ஒரே ஆற்றுப் படுகையில் இருந்ததால். இரண்டாவது சப்ளையரைத் தேடும்போது அவர் எங்கே இருக்கிறார், எந்தத் துறைமுகம், எந்த மின் பாதை, அவருக்கு மூலப்பொருள் யார் தருகிறார் என்றும் பாருங்கள். சரக்கு இருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: தேவையான அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் வாங்கு என்ற ஜப்பானியப் பாணி, ரயில் நேரத்துக்கு வரும் நாட்டுக்குப் பொருத்தம். துறைமுகத்தில் எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி தரும் பண உத்தரவாதக் கடிதம்) பிரச்சினையால் கண்டெய்னர் ஒரு மாதம் நிற்கும் நாட்டில், கிடங்கில் இருக்கும் கூடுதல் சரக்கை வீண் முதலீடு என்று ஆலோசகர் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எல்லாச் சரக்கையும் குவிக்கச் சொல்லவில்லை. எது இல்லாவிட்டால் ஆலை நிற்குமோ, அந்த நாலைந்து பொருளை மட்டும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. டீசல் ஜெனரேட்டர் மின்வெட்டிலிருந்து காப்பாற்றும், எரிபொருள் தட்டுப்பாட்டில் கைவிடும். பாகிஸ்தானில் மின் கட்டணம் தாங்க முடியாமல் போனபோது தொழிற்சாலைகளும் வீடுகளும் தாங்களாகவே சோலாருக்கு மாறின. 2024 ஒரே ஆண்டில் ஏறத்தாழ 17 ஜிகாவாட் அளவுக்கு சோலார் தகடுகள் இறக்குமதியாயின. கையில் முதல் இருந்தவர்களால்தான் இது முடிந்தது. முடியாதவர்கள் ஏறிய கட்டணத்தோடு பொது மின் கட்டமைப்பில் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது எல்லோருக்கும் பிடித்த பகுதி: தொழிலை மாற்றிக்கொள்வது. 2020-இல் பயணிகள் இல்லாமல் உலக விமான நிறுவனங்கள் அரசிடம் கையேந்தி நின்றபோது, எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் விமானங்களின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றியது. வங்கதேசத்தில் ஆடை தயாரிக்கும் பெக்சிம்கோ அதே ஆண்டு மே மாதம் 65 லட்சம் மருத்துவப் பாதுகாப்பு அங்கிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. கேட்க உற்சாகமாக இருக்கும். கூர்ந்து பார்த்தால் இவர்கள் புதிய தொழிலுக்குப் போகவே இல்லை. எத்தியோப்பியனுக்கு அடிஸ் அபாபாவில் பெரிய சரக்கு முனையம் ஏற்கெனவே இருந்தது, விமானிகள், பழுதுபார்ப்புக் கூடம், வழித்தட அனுமதி எல்லாம் இருந்தன. பெக்சிம்கோவிடம் தையல் இயந்திரங்களும் அமெரிக்க வாங்குநர்களும் இருந்தார்கள். அதே இயந்திரம், அதே ஆட்கள், ஏறக்குறைய அதே வாடிக்கையாளர். மாறியது பொருள் மட்டும். மூன்றில் இரண்டு கையில் இருந்தால் மாறிப் பார்க்கலாம். மூன்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தால், அது வேறு ஒரு நிறுவனத்தைத் தொடங்குவது. அதற்கு நெருக்கடிக் காலம் ஏற்றதில்லை.

இங்கே கொஞ்சம் கசப்பான விஷயம். ஒரு நிறுவனம் ‘தாக்குப்பிடித்தது’ என்று கேள்விப்பட்டால், அடியை யார் வாங்கிக்கொண்டார்கள் என்றும் கேட்க வேண்டும். 2020 வசந்த காலத்தில் வெளிநாட்டு ஆடை பிராண்டுகள் வங்கதேசத்தில் 300 கோடி டாலருக்கும் மேலான ஆர்டர்களை ரத்து செய்தன அல்லது நிறுத்தி வைத்தன என்று அங்குள்ள ஏற்றுமதியாளர் சங்கம் கணக்குச் சொன்னது. அவற்றில் தைத்து முடித்த துணிகளும் அடக்கம். பிராண்டுகள் தாக்குப்பிடித்தன, தைத்தவர்கள் கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பின்னர் வெளியான கண்டனங்களால் பல பிராண்டுகள் பணம் தர ஒப்புக்கொண்டது வேறு கதை. சங்கிலியில் பலமானவர் பாரத்தைக் கீழே தள்ளுவதைத்தான் நாம் பல சமயம் மீள்திறன் என்று பாராட்டுகிறோம்.

தொழிலாளரை முதலில் வெட்டுவது லாபகரமானதா என்றால், குறுகிய காலத்தில் ஆம். ஆனால் தேர்ந்த ஆட்கள் ஒருமுறை ஊருக்குப் போய்விட்டால் திரும்ப வருவது நிச்சயமில்லை. வேலை நேரத்தைக் குறைத்து எல்லோரையும் வைத்துக்கொள்வது, முதலாளியின் சொந்தச் சம்பளத்தை முதலில் குறைப்பது, கணக்கைத் திறந்து காட்டுவது ஆகியவை பல இடங்களில் வேலை செய்திருக்கின்றன. கணக்கு தெரிந்த தொழிலாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கு அர்ஜென்டினாதான் எல்லை. 2001 நெருக்கடியில் முதலாளிகள் கைவிட்டுப் போன ஆலைகளைத் தொழிலாளர்களே எடுத்து ஓட்டினார்கள். நெயுகென் மாகாணத்தில் டைல்ஸ் செய்யும் சனோன் தொழிற்சாலையும் புவனோஸ் ஐரெஸின் புரூக்மன் தையல் ஆலையும் அவற்றில் பெயர் பெற்றவை. முதலாளிக்குக் கட்டுப்படியாகாது என்று மூடப்பட்ட ஆலை, கடன் பாரம் இல்லாமல் ஓடியபோது கட்டுப்படியானது. ஆலையின் உற்பத்தித் திறன் ஒன்று, அதன் மேல் ஏற்றிய கடன் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உங்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வெள்ளம் வந்துவிட்டது என்றால், முதல் வாரத்துக்கான என் வரிசை இப்படி இருக்கும். பதின்மூன்று வாரத் தாளை எழுதுங்கள். பெரிய பாக்கிக்காரர்கள் ஐந்து பேரை நேரில் போய்ப் பாருங்கள். முழுத் தொகை இல்லாவிட்டால் பாதியையாவது வாங்கி வாருங்கள். வங்கிக்குத் தவணை தவறுவதற்கு முன்னால் போங்கள். தவறிய பிறகு போனால் அதே மேலாளருக்கு விதிகள் கையைக் கட்டிவிடும். எல்லாச் சப்ளையருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்காமல், யார் இல்லாவிட்டால் ஓட முடியாதோ அவர்களுக்கு முதலில் கொடுங்கள். மற்றவர்களிடம் தேதி சொல்லி, சொன்ன தேதியில் சிறு தொகையாவது கொடுங்கள். எந்தப் பொருள் காசைச் சீக்கிரம் திருப்பித் தருகிறதோ அதை மட்டும் செய்யுங்கள், லாப விகிதம் குறைவாக இருந்தாலும்.

அப்புறம் ஒன்று, இதைப் பலர் சொல்வதில்லை. பல நிறுவனங்கள் நெருக்கடியைத் தாண்டிவிட்டு, மீட்சியில் விழுகின்றன. ஒரு வருடம் சேமிப்பைத் தின்று ஓட்டியிருப்பார்கள். திடீரென்று ஆர்டர்கள் வரும். விட்டதைப் பிடிக்கும் ஆசையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார்கள். மூலப்பொருளுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், சம்பளம் இன்றைக்கே கொடுக்க வேண்டும், வாங்குபவரோ இன்னும் 90 நாள் என்கிறார். மேலே போட்ட கணக்கு மறுபடி வேலை செய்யும், இந்த முறை விற்பனை உயர்வதால். மீட்சி தொடங்கும்போது முன்பணம் தரும் ஆர்டரை முதலில் எடுங்கள். முன்பணம் தராத பெரிய ஆர்டரை இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து, முந்தைய தவணைக்குக் காசு வந்த பிறகு அடுத்ததைத் தொடங்குவதாகச் சொல்லிப் பாருங்கள். அவசரத்தில் இருக்கும் வாங்குநர் பலர் இதற்கு ஒப்புக்கொள்வார்கள்.